வெள்ளையடித்த சைக்கிள்

"தம்பி, அந்தச் சங்கிலியில கத்திரியை வெக்காத. சொல்லிட்டேன்."

பிக்கப் வண்டியைப் பாதித் தெருவில் அப்படியே நிறுத்திவிட்டு, கையில் செவ்வந்திக் கொத்தோடு இறங்கி வந்தார் லைல். சங்கிலி வெட்டும் பெரிய கத்திரியோடு குனிந்திருந்த நகராட்சி ஆள் நிமிர்ந்து பார்த்தான். வருகிற வண்டியெல்லாம் நின்று போக வேண்டும் என்று முக்கில் நட்டிருந்த ஸ்டாப் பலகைக் கம்பத்தில் ஒரு பழைய சைக்கிள், சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சக்கரம், சீட், மணி, பெடல் என்று ஒன்று விடாமல் வெள்ளை பெயின்ட். சைக்கிளில் போனவர் வண்டி அடித்துச் செத்துப்போன இடத்தில், அவர் நினைவாக இப்படி ஒன்றை நிறுத்துவது அமெரிக்காவின் டுலூத் நகரில் வழக்கம். போகிறவர் வருகிறவர் பூ வைப்பார்கள். கொஞ்ச நாளாக இதற்கு வாராவாரம் பூ வைப்பது லைல்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சைக்கிள்காரர்களைக் கண்டாலே ஆகாத ஆள் யார் என்று அந்தப் பேட்டையில் கேட்டால், எல்லோரும் லைலைத்தான் காட்டுவார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை போடலாமா என்று கூட்டம் கூட்டியபோது, எழுந்து நின்று பிடிபிடியென்று பிடித்தவர் அவர். சிவப்பு விளக்கு அவனுக்குக் கிடையாதா, ஸ்டாப் பலகையை என்ன அழகுக்கா நட்டிருக்கிறது, பெட்ரோல் வரி கட்டுவது நான், பாதை மட்டும் அவனுக்கா என்று கேட்டார். பாதி மண்டபம் கைதட்டியது. மீதிப் பாதி ஹெல்மெட்டும் கையுமாக முறைத்தது.

நகராட்சி ஆள் பொறுமையாகவே சொன்னான். பனி விழுவதற்குள் தெருவோரம் கட்டி வைத்ததையெல்லாம் எடுத்தாக வேண்டும், பனி தள்ளும் வண்டிக்கு இடைஞ்சல். குடும்பத்தார் யாராவது வந்து கேட்டுக்கொண்டால் விட்டுவிடலாம், மற்றபடி அவன் வேலையை அவன் பார்த்துத்தான் தீர வேண்டும்.

"நீங்க அந்தக் குடும்பமா?"

லைல் இல்லை என்று தலையசைத்தார். பொய் சொல்ல வரவில்லை. அந்த ஆள் கத்திரியைச் சங்கிலிக்குக் கொடுத்தேவிட்டான்.

அப்போது முக்கு வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு மார்னி, ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"விட்டுடுங்க. அது என் வீட்டுக்காரர் சைக்கிள்."

நகராட்சி ஆள் தொப்பியைக் கழற்றினான். மன்னித்துக்கொள்ளச் சொல்லி முனகிவிட்டு, கத்திரியை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

லைல் கிளம்பவில்லை. பூவைச் சைக்கிள் கூடையில் வைத்தார். இத்தனை நாளும் யாருக்கென்றே தெரியாமல் வைத்த பூ. இன்றைக்கு அந்த மனிதரின் மனைவியே எதிரில் நிற்கிறாள். மனசில் இருப்பதைச் சொல்லாமல் போனால் ராத்திரி தூக்கம் வராது என்று தோன்றியது.

"ஏம்மா, நான் உங்க வீட்டுக்காரருக்கு ஒரு நன்றி சொல்லணும். அவர் இல்ல. அதனால உங்ககிட்ட சொல்லிக்கறேன்."

மார்னி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விட்டால்தானே.

மேட்டிலிருந்து இறங்கி வரும்போது இந்த ஸ்டாப் பலகையில் லைல் ஒருநாளும் முழுசாக நின்றதில்லையாம். பிரேக்கைச் சும்மா ஒரு தொடு தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். திடீரென்று இந்த வெள்ளை சைக்கிள் கண்ணில் பட்டது. அடப்பாவமே, இங்கே யார் போய்ச் சேர்ந்தது என்று நினைப்பதற்குள் கால் தானாக பிரேக்கை அழுத்திவிட்டது. அதே நேரம் பக்கத்துத் தெருவிலிருந்து, மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருவர், பின்னால் குடம் மாதிரி ஒரு பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு, சைக்கிளில் குறுக்கே பாய்ந்து போனார். பம்பருக்கும் அவருக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

"அந்த ஆளும் நிக்கலம்மா. பலகை அவருக்கும்தான் இருக்கு. ஆனா அவர் தப்புக்கும் அவர்தான் சாவார், என் தப்புக்கும் அவர்தான் சாவார். எனக்கு பம்பர்தான் நசுங்கும். அது அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது."

லைல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொலைகாரன் என்று பேர் வாங்காமல் இன்றைக்குத் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றால், அது உங்கள் வீட்டுக்காரர் போட்ட பிச்சை என்றார். செத்தும் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்றார்.

மார்னி சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. துக்கத்தில் இருப்பவளை அழ வைத்துவிட்டோமே என்று லைலுக்குச் சங்கடமாகப் போயிற்று. உங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்காக ஜெபம் பண்ணுகிறேன் என்று கேட்டார்.

மார்னி வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"கர்ட், கொஞ்சம் வெளிய வாங்க."

முழங்கை வரை பூசணிச் சதை ஒட்டியிருக்க, குடைந்துகொண்டிருந்த கரண்டியோடு ஒருவர் வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் கொக்கியில் மஞ்சள் மழைக்கோட்டு தொங்கியது. பிக்கப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு சாண்ல தப்பிச்சிருக்கீங்க. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அவரைப் பிடித்து உலுக்கிய மார்னி, பூசணிச் சதையைக்கூடப் பார்க்காமல் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

லைலுக்குத் தலை சுற்றியது. "அன்னிக்குத் தப்பிச்சவர் இவர்தாம்மா. அப்ப இந்த சைக்கிளை யாருக்காக வெச்சீங்க?"

"இவருக்காகத்தான்" என்றாள் மார்னி. "இவரும் நிக்க மாட்டாரு, வர்ற வண்டியும் நிக்காது. எப்படியும் ஒருநாள் வைக்க வேண்டி வரும்னுதான், கொஞ்சம் முன்னாடியே வெச்சுட்டேன்."