முதல் சார்ஜ்

"வண்டியை எடுக்கறீங்களா டீச்சர், இல்ல ஆள் வெச்சுத் தள்ளட்டுமா?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேட்டதில் நியாயம் இருந்தது. குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் புதிதாக சார்ஜ் கம்பம் நட்டு, ரிப்பன் கட்டி, முப்பது பேர் கூடி நிற்கிறார்கள். முதல் சார்ஜ் செயலாளரின் ஹைப்ரிட் காருக்குத்தான். அதைக் கம்பத்தருகே கொண்டுவர அவர் சாவியோடு நடந்த நேரம் பார்த்து, இரண்டாம் மாடி டிரைவிங் டீச்சர் தன் பதினாறு வருடத்துப் பெட்ரோல் காரை வேகமாக ஓட்டிவந்து, கம்பத்துக்கு எதிரே இருந்த பச்சைக் கட்டத்துக்குள் சொருகிவிட்டார்.

கார் தலையில் 'எல்' பலகை. பின்னால் தாராளமாகப் புகை.

"ஸ்டார்ட் ஆகலை சார்," என்றார் டீச்சர்.

"இப்பத்தானே ஓட்டிட்டு வந்தீங்க."

"வந்துடுச்சு. இனி போகாது போல. ஸ்டியரிங்கும் லாக் ஆயிடுச்சு. தள்ளினா சுவத்துலதான் போய் முட்டும்."

யாரோ பானெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது எதுவும் புரியாமல் மூடினார்.

செயலாளருக்கு அவமானத்தில் காது சூடானது. ஒரு வருடமாக லிஃப்டில் ஏறினவர்களுக்கெல்லாம் மாடி வரும்வரை பாடம் எடுத்தவர் அவர். "இன்னும் பத்தே வருஷம். பெட்ரோல் இன்ஜினை மியூசியத்துலதான் பார்க்கணும்." அவருடைய ஹைப்ரிட் சார்ஜ் இருந்தால் கரன்ட்டில் ஓடும், தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். "பெட்ரோல் சும்மா பேருக்கு. நான் தினமும் ஆபீஸ்லயே சார்ஜ் போட்டுடறேன்" என்பார்.

போதாக்குறைக்கு இன்று சிறப்பு விருந்தினராக, வெளியூரிலிருந்து வந்திருந்த மாமனாரையே முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

"யாரு மாப்பிள்ளை இந்தம்மா?"

"கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறவங்க மாமா. எலக்ட்ரிக் கார் வந்துட்டா கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. அப்புறம் இவங்ககிட்ட கத்துக்க என்ன இருக்கு? அந்த வயித்தெரிச்சல்."

"நல்லது நடந்தா சில பேருக்குப் பொறுக்காது," என்றார் பொருளாளர். டீச்சர் காதில் விழும்படிதான் சொன்னார்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கார் கதவில் சாய்ந்தபடி நின்றார். நகரவில்லை.

கடைசியில் மாமனார் ரிப்பனை மட்டும் வெட்டினார். கைதட்டினார்கள். பிஸ்கட்டும் காபியும் ஆனது. காபி ஆறுவதற்குள் அங்கேயே அவசரக் கூட்டம் ஒன்றும் நடந்தது. எல்லா பெட்ரோல் கார்களையும் வெளியேற்ற வேண்டும் என்பது செயலாளரின் பழைய கோரிக்கை. இருபத்து மூன்று பேர் பெட்ரோல் கார் வைத்திருந்ததால் அது இரண்டு மாதமாக நகராமல் கிடந்தது. இன்று அதைக் கொஞ்சம் திருத்தினார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலான பெட்ரோல் கார்களுக்கு மட்டும் இனி உள்ளே இடமில்லை.

அப்படிப்பட்ட கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அந்தத் தெருவில் கார் விட்டால் காலையில் பக்கக் கண்ணாடி இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு காரை வைத்துத்தான் டீச்சர் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதும் தெரியும். அதற்கென்ன செய்ய, பூமியைக் காப்பாற்ற வேண்டுமே.

மாமனாரை மேலே அனுப்பிவிட்டு, நோட்டீஸை எழுதி எடுத்துக்கொண்டு செயலாளர் திரும்பி வந்தபோது கார் நிறுத்தத்தில் யாருமில்லை. டீச்சர் மட்டும் காருக்குள் உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருகினார். ஒரே திருகில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

செயலாளர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"ஸ்டார்ட் ஆகலைன்னீங்க?"

"பொய் சார்."

"அப்போ வேணும்னேதான் மறிச்சீங்க."

"ஆமா சார். வேணும்னேதான்."

திட்டுவதற்குச் செயலாளர் நிறைய யோசித்து வைத்திருந்தார். இப்படி ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை. நோட்டீஸை நீட்டினார்.

டீச்சர் இன்ஜினை அணைத்துவிட்டு நிதானமாகப் படித்தார்.

"ஒண்ணாம் தேதியிலேருந்தா?"

"தீர்மானம் அப்படி."

"சரி. கையெழுத்து எங்க போடணும்?"

போட்டுக் கொடுத்தார். பிறகு இறங்கி, டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்குப் பக்கத்திலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார்.

"இது உங்களோடது சார்."

பெட்டி மேல் செயலாளருடைய கார் நம்பர். விற்ற கம்பெனியின் சீல்.

"நாலு மாசம் முன்னாடி மேம்பாலத்து மேல பெட்ரோல் தீர்ந்து நின்னீங்களே, நான்கூடக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன். கயிறு தேடறப்ப உங்க டிக்கியில இருந்த சாமானையெல்லாம் என் வண்டியில மாத்தி வெச்சோம். திருப்பி எடுக்கறப்ப இது ஒண்ணு தங்கிடுச்சு. உங்க கார்ல சார்ஜ் போடற ஒயர். இது இல்லாம எங்கயும் சார்ஜ் ஏறாது. தேவைப்பட்டா கேப்பீங்கன்னு இருந்தேன்."

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நீங்க கேக்கவே இல்ல. நானும் மறந்துட்டேன். இன்னிக்கு கிளாஸ் முடிச்சு உள்ள நுழையறேன், ரிப்பனும் கம்பமும் கண்ணுல பட்டுது. உங்க டிக்கியைத் திறந்தா ஒயர் இருக்காது. நான் கொண்டுவந்து கொடுத்தா எல்லாரும் சீலைப் பார்ப்பாங்க. அந்த நேரத்துல எனக்கு வேற ஒண்ணும் தோணலை."

செயலாளர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. சீல் கலையாமல் அப்படியே இருந்தது.

ஒரு கையில் நோட்டீஸும் மறு கையில் பெட்டியுமாக அவர் லிஃப்ட் பக்கம் திரும்பியபோது டீச்சர் மெதுவாகக் கூப்பிட்டார்.

"சீலை இங்கயே பிரிச்சுக்குங்க சார். மேல உங்க மாமனார் இருக்கார்."