இலவசமாகக் கொடுத்த குரல்

மருத்துவமனை வாசலில் டோக்கன் இயந்திரம் பேசுகிறது: "வணக்கம், உங்கள் பெயரைச் சொல்லுங்கள்." குரல் என் மனைவியுடையது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுத்தைப் பேச்சாக்கும் ஒரு திறந்த மென்பொருளுக்காக அவள் பக்கம் பக்கமாக வாசித்துப் பதிவு செய்து கொடுத்த குரல். எடுத்துக்கொண்டார்கள். இயந்திரத்தின் நெற்றியில் ஏதோ கம்பெனியின் முத்திரை வெயிலில் பளபளக்கிறது. தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு வராத அவள், கழுத்துக் கட்டைத் தடவியபடி அதன் முன்னால் நிற்கிறாள். அவள் பெயரை நான் சொல்லப் போகிறேன். கவுன்டர் பெண் தடுக்கிறாள். "பேஷன்ட்தான் சொல்லணும் சார்." "அந்தக் குரலே இவங்களோடதும்மா." "ஐயோ, அது கம்பெனி குரல் சார். வரிசைய மறைக்காதீங்க." என் மனைவி குனிந்து உதட்டை அசைக்கிறாள். வெறும் காற்றுதான் வருகிறது. கனிவாக, அவளைப் போலவே, இயந்திரம் சொல்கிறது: "கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்."