கரி இடுக்கி

டிராம் போன அதிர்வில் பால்கனிக் கூண்டு மெல்ல ஆடுகிறது. காபிக்கடையிலிருந்து நான் வாங்கி வந்த கிளி, என் உள்ளங்கையிலிருக்கும் சூரியகாந்தி விதையை நோக்கி முதல் முறையாக ஓரடி எடுத்து வைக்கிறது. அப்போதுதான் அண்ணன் ரஃபத் புகைத்துக்கொண்டிருந்த ஹூக்காவின் சூடான கரி இடுக்கியால் கம்பியைத் தட்டுகிறான். "சலாம் சொல்லு, சனியனே! கடையில இதக் காட்டித்தானே பேச வெச்சாங்க?" கிளி மூலையில் ஒடுங்குகிறது. அதன் காலில் பழைய சூட்டுத் தழும்பு. இடுக்கியைப் பிடுங்குகிறேன், உள்ளங்கை சுடுகிறது. "ஒரு பறவைக்காக அண்ணன் மேலயே பாயுறியா, பைத்தியமே?" கத்தல் தொண்டைவரை வருகிறது. கத்தினால் கிளிக்கு நானும் அந்தக் கடைக்காரனும் ஒன்றுதான். விழுங்குகிறேன். கோபத்தில் நடுங்கும் அதே கையில் வேறொரு விதையை வைத்து நீட்டுகிறேன். கிளி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையின் நடுக்கம் எப்போது நிற்கும் என்றுதான் பார்க்கிறது.