கேலரிக்கு அடியில்

பதினெட்டாயிரத்து நானூறு ஜெர்மன் மார்க் கடன். அந்தக் கணக்குக்குப் பயந்துதான் எவால்ட், கால்பந்து மைதானத்தில் புதிதாகக் கட்டிய மரக் கேலரிக்கு அடியில், வயிறு மண்ணில் பட மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஆறு அடித்துவிட்டால் பத்திரத்தின் கெடு முடிந்துவிடும். அப்புறம் லோமனால் ஒன்றும் செய்ய முடியாது, நிலம் தப்பிவிடும். அதற்குள் அவர் கையில் சிக்கினால் நிலம் போயிற்று. வரப்போகும் பனிக்காலத்தில் மூன்று பிள்ளைகளின் வயிற்றுக்கு நாலு உருளைக்கிழங்கு போட வேறு மண் அவனுக்கு இல்லை.

லோமன், ஊர் விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர். ஒரு வாரமாக அவன் வீட்டு வாசலுக்கும், அவன் வேலை செய்யும் செங்கல் சூளைக்கும் நடையாய் நடக்கிறார். கழகத்தின் மைதானத்திலேயே வந்து ஒளிந்துகொள்வான் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே தோன்றாது. அதுதான் எவால்டின் நம்பிக்கை.

வெளியே ஞாயிற்றுக்கிழமைத் திறப்பு விழாவுக்கு பேண்டு வாத்திய ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வாசல் பலகையில் ‘1923’ என்று எழுதிய பெயிண்ட் இன்னும் காயவில்லை. பேண்டுச் சத்தத்தோடு சத்தமாக அவன் பெண்டாட்டி ஹெட்விக் வந்து, பலகை இடுக்கு வழியாக ஒரு பொட்டலத்தைத் தள்ளினாள்.

"இந்தாய்யா, தின்னு. கூடை நிறைய நோட்ட அள்ளிக்கிட்டுப் போனேன், அரை ரொட்டிதான் குடுத்தான்."

"வீட்டுக்கு வந்தாரா?"

"மூணு தடவ. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்குறாரு. கூடவே அந்த கோல்கீப்பர் தடியன் குர்ட். அலமாரியத் தொறந்து தேடுறான், நீ என்னமோ கோட்டு மாட்டுன மாதிரி உள்ள தொங்கிக்கிட்டு இருக்கப் போற!"

"நீ என்ன சொன்ன?"

"அத்தை செத்துட்டாங்க, சாவுக்குப் போயிருக்காருன்னேன். ‘போன வாரமும் இதே அத்தைதானேம்மா செத்தாங்க’ங்கறாரு."

எவால்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெட்விக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. இரண்டு ஜோடி பூட்ஸ்.

"ஆத்தங்கரை, சூளை, சாராயக்கடை, எல்லாம் பாத்தாச்சு சார்" என்றான் குர்ட்.

"ஆறுக்குள்ள அவன நேருக்கு நேர் புடிச்சாகணும். கூட ஒரு சாட்சியும் வேணும், பத்திரத்துல அப்படித்தான் இருக்கு" என்றார் லோமன். "இன்னைக்கு விட்டோம்னா கழகம் நடுத்தெருவுலதான்."

"கவலய விடுங்க. பெனால்டியே என் கையத் தாண்டாது. இவன் தாண்டிடுவானா?"

பூட்ஸ் சத்தம் தேய்ந்தது. பேண்டும் நின்றுவிட்டது. காலில் எறும்பு ஊர்வதுபோல மரத்துப்போய்க் கிடந்தான் எவால்ட். கைகுலுக்கிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று காலம் இப்படிப் புரண்டுபோகும் என்று யார் கண்டது?

அப்போது மாதா கோயில் மணி அடித்தது. எவால்ட் விரல் மடக்கி எண்ணினான். நாலு, ஐந்து, ஆறு!

உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. மண்ணை உதறக்கூட மறந்து, நண்டு மாதிரி ஊர்ந்து வெளியே வந்தான். வாய்விட்டுச் சிரித்தான். சிரித்த வாய் அப்படியே நின்றது.

எதிரே லோமன் பாக்கெட் கடிகாரத்தைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார். ஐந்தே முக்கால்.

"கோயில் மணி அடிச்சுதே!" என்று அலறினான்.

"உன் பொண்டாட்டி ரொட்டியோட இந்தப் பக்கம் வந்தத பேண்டுக்காரன் பாத்துச் சொன்னான். மணி அடிச்சவன் எங்க டீமோட லெஃப்ட் விங் ஆட்டக்காரனாச்சே, எவால்ட்."

ஓடப் பார்த்தான். குர்ட் ஒரே எட்டில் அவனை இடுப்போடு கட்டிப்பிடித்தான். எவால்ட் கெஞ்சினான்.

"இன்னும் கால் மணி நேரந்தாங்க. என்னப் பாக்காத மாதிரி போயிடுங்க. புள்ளைங்க பட்டினி கெடக்கும்."

"எனக்கு மட்டும் இது ஆசையா?" லோமன் கடிகாரத்தை மூடினார். "பதினோரு பசங்க, ஒரு ஊரே காத்துக்கிட்டு இருக்கு. சட்டம் என் பக்கம் இருக்கு. குர்ட், நீ சாட்சி. நல்லாப் பாத்துக்க."

அவர் கோட்டுக்குள் கைவிட்டு ஒரே ஒரு நோட்டை எடுத்தார். இருபதாயிரம் மார்க். எவால்டின் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து, விரல்களை அவரே மூடினார்.

"இதுக்கு ஒரு தீக்குச்சி வருமாய்யா இன்னைக்கு?" எவால்ட் கத்தினான். "மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த எடத்த உங்களுக்குக் கடனா எழுதிக் குடுத்தப்போ, இந்தக் காசுல ஒரு வீடே கட்டியிருக்கலாமே! கெடுவுக்குள்ள பணம் வராம ஆறு அடிச்சிருந்தா, நெலமாவது என் கைக்குத் திரும்பியிருக்கும்!"

லோமன் பத்திரத்தை இரண்டாகக் கிழித்தார். அவன் முகத்தைப் பார்க்காமல், மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாங்க உனக்குத் தரவேண்டியது தீந்துபோச்சு, மீதிச் சில்லறைய நீயே வச்சுக்க."