கத்திரி மேல் ஒரு புகார்

எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை ஒருத்தி இப்படி அலைக்கழிப்பாளா என்று தையல் கூடமே கொதித்தது.

சூப்பர்வைசருக்கு அங்கே கத்திரி என்று பெயர். வாய் அப்படி. அவள் கூப்பிட்டாலொழிய யாரும் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. காலர் தைக்கும் அந்தப் பெண்ணை மட்டும் மணிக்கொரு தரம் கூப்பிட்டாள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து நூல்கண்டு எடுத்து வரச் சொல்வாள். கொண்டு வந்ததும், இது இல்லை, திரும்ப வைத்துவிட்டு வா என்பாள்.

பட்டன் தைக்கும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் போனில் கர்ப்பிணிகளுக்கான ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாளெல்லாம் மணியடிக்குமாம். என்ன பிரயோஜனம்? வேலைக்கு வந்தால் போனை வாசல் கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டும். பெட்டிக்குள் கிடந்து அது யாருக்குப் புத்தி சொல்லும்?

அக்காவே புகார் எழுதினாள். பதினாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பாவம், பயந்த சுபாவம் என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

மேனேஜர் மறுநாளே கத்திரியைப் பேக்கிங் பக்கம் தள்ளிவிட்டார். புது சூப்பர்வைசர் தங்கமான மனுஷி. யாரையும் கூப்பிட மாட்டாள். காலையில் உட்கார்ந்த காலர் பெண் சாப்பாட்டு வேளைக்குத்தான் எழுந்தாள். அக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

நாலாம் நாள் சாப்பாட்டு வேளையில் பார்த்தால், அந்தப் பெண்ணின் கால் செருப்புக்குள் நுழையாமல் வீங்கியிருந்தது.

"என்னடி இது? இப்பதானே நிம்மதியா உட்கார்ந்திருக்கே?"

"உட்கார்ந்தே இருக்கறதாலதான்க்கா. மணிக்கொரு தடவை எழுந்து நடக்கணும்."

"யார் சொன்னா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஆப்தான். சூப்பர்வைசர்னா உள்ளே போன் வச்சுக்கலாம் இல்லையா? முன்ன இருந்த அந்தம்மா தன்னோட போன்ல அதைப் போட்டு, என் பிரசவத் தேதியைக் குடுத்து வச்சிருந்தாங்க. அது அடிக்கறப்பல்லாம் என்னைக் கூப்பிடுவாங்க. ஒருத்திக்கு மட்டும் என்ன சலுகைன்னு மேனேஜர் கேட்டுடக் கூடாதேன்னு, வேலை ஏவற மாதிரியே நடக்க விடுவாங்க."

அக்கா தன் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"எந்தப் புண்ணியவதி புகார் குடுத்தாளோ, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்க்கா."