பத்தாவது சோடி

"சூனியம்தான் பிள்ளை! என்ட செவலைக்கு அவள் சூனியம் வெச்சிட்டாள்!"

கந்தப்போடி கொண்டுவந்த கடதாசிப் பொட்டலத்தை மேசையில் பிரித்தார். உள்ளே, செவலையின் காலடியில் கிடந்த ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி.

மாட்டுத் தீவன ஆராய்ச்சிக்காக வவுணதீவுக்கு வந்திருந்த அஜந்தா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"ஆறுதலாச் சொல்லுங்க போடியார். மாட்டுக்கு என்ன?"

"மூணு லீற்றர் கறந்த மாடு, ரெண்டு மாசமா அஞ்சு லீற்றர் கறக்குது!"

"பால் கூடினா உங்களுக்கு நல்லம்தானே?"

"அதுதானே பயமாக் கிடக்கு! முதல்ல கூட்டிக் காட்டி, மறுகா ஒரேயடியாப் பிடுங்கிற சூனியமாக்கும்!"

சூனியக்காரி வேறு யாருமில்லை, பக்கத்து வளவுச் சீதேவி. போடியார் மத்தியானம் வயலுக்குப் போனதும், சருவச் சட்டியைத் துணியால் மூடிக்கொண்டு வேலிக் கடப்பால் வருகிறாளாம். மாட்டின் காதில் ஏதோ முணுமுணுக்கிறாளாம். முன்வீட்டுக்காரி கண்ணால் கண்ட சாட்சி.

அஜந்தா பொடியை எடுத்து முகர்ந்தாள். சோளம், தவிடு, கரும்புப்பாகு. மண்டையை உடைத்துக்கொண்டு தன் கையால் கலந்த தீவனம் அவளுக்குத் தெரியாதா?

ஆராய்ச்சிக்குப் பத்துச் சோடி மாடுகளை எடுத்திருந்தாள். இருபதும் ஒரே காளையின் விந்தில், சினை ஊசி போட்டுப் பிறந்தவை. பரம்பரை ஒன்றாக இருந்தால்தானே தீவனத்தின் குணம் தெரியும்! சோடியில் ஒன்றுக்குப் புதுத் தீவனம், மற்றதற்கு வழக்கமான புல். ஒன்பது சோடி சொன்ன பேச்சுக் கேட்டன. பத்தாவதுதான் கழுத்தை அறுத்தது. தீவனம் கிடைக்காத போடியாரின் செவலை, தீவனம் கிடைத்த சீதேவியின் வெள்ளச்சியோடு சரிக்குச் சரி கறந்தது.

"இதுக்கு விளக்கம் இல்லாமல் அறிக்கையைக் கொண்டு வராதேயும்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் இரண்டு வருட உழைப்பும் குப்பைக்கூடைக்குத்தான்.

மறுநாள் மத்தியானம் இருவரும் வைக்கோற்போருக்குப் பின்னால் பதுங்கினார்கள். அஜந்தாவின் கையில் கொப்பி. போடியாரின் கையில் ஒரு பாதுகாப்புக்கு வேப்பிலைக் கொத்து. வைக்கோல் மூக்கில் ஏறி அவருக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. வேப்பிலையாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சீதேவி வந்தாள். சருவத்தைச் செவலைக்கு முன்னால் வைத்தாள். காதருகே குனிந்தாள்.

"கெதியாத் தின்னடி. உன்ட போடியார் கண்டாரெண்டால் நம்ம ரெண்டு பேரும் துலைஞ்சம்!"

இதுதான் அந்த மந்திரம்.

அஜந்தா பாய்ந்து வெளியே வந்தாள். "மாமி! உங்கட மாட்டுக்குத் தந்ததை ஏன் இதுக்கு வைக்கிறீங்க? என்ட ஆராய்ச்சியே நாசமாப் போச்சு!"

சீதேவி திடுக்கிட்டாள். ஆனால் அடுத்த கணமே இடுப்பில் கை வைத்தாள்.

"நானா நாசமாக்கின? கூட்டத்தில நீங்கதானே மகள் சொன்னீங்க, இந்த மாடெல்லாம் ஒரே தகப்பன்ட பிள்ளைகள் எண்டு?"

"ஓம், அது பரம்பரைக்காகச் சொன்னது..."

"ஒரே தகப்பன்ட பிள்ளைகள். ஒண்டுக்கு விருந்து, மத்தது வேலியால எட்டிப் பார்த்து வாயூறிக்கொண்டு நிக்கிறது. எனக்கு மனம் கேக்கல்ல. வெள்ளச்சிட பங்கில சரிபாதிதான் கொண்டாறன். கூடக் குறைய இல்ல."

"பாதியா?"

அஜந்தா கொப்பியைப் பரபரவென்று புரட்டினாள். முழுத் தீவனம் தின்ற மாடுகள் ஐந்தரை லீற்றர். பாதி தின்ற இந்த இரண்டும் ஐந்து!

"மாமி! பாதித் தீவனமே போதும்! இதை நான் யோசிக்கவே இல்லையே!"

சீதேவியைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அது போதாமல் செவலையையும் கட்டிப் பிடித்தாள். செவலை அவளுடைய கொப்பியின் ஓரத்தை மென்று பார்த்தது.

மூச்சு வாங்கியபடி கேட்டாள்: "அதுசரி மாமி, போடியார் உங்களோட முகம் குடுத்தும் கதைக்கிறதில்ல. அவர்ட மாட்டில உங்களுக்கு ஏன் இவ்வளவு பாசம்?"

சீதேவி வெறும் சருவத்தைத் துணியால் துடைத்தாள்.

"ஒண்டு தின்ன, மத்தது பார்த்துக்கொண்டு நிக்கிற வேதனை எனக்குத் தெரியும் மகள். எங்கட அப்பாட பதினாறு ஏக்கர் வயல் வட்டையையும் அண்ணன் ஒராளே செய்யிறார். நான் பதினெட்டு வருசமா வரம்பில நிண்டு பார்த்துக்கொண்டிருக்கன்."

"எந்த அண்ணன்?"

வைக்கோற்போருக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய தும்மல் கேட்டது.

தலையெல்லாம் வைக்கோலோடு கந்தப்போடி வெளியே வந்தார். வேப்பிலைக் கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் செவலையின் வாயில் வைத்தார். தங்கச்சியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அஜந்தாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, காணி பிரிக்கிற சர்வேயர் ஒராள்ட நம்பர் உங்கட போனில இருக்கா?"