சோதனை மெயில்

“வந்துடுச்சு! டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு!”

கேஷியர் அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள் எழுந்து நின்று கத்தியதில், பணம் கட்ட வரிசையில் நின்றவர்களே திடுக்கிட்டுப் போனார்கள். அவளோ அழுதுகொண்டே சிரித்தாள். கிளை அலுவலகம் மொத்தமும் எழுந்து வந்து கைகுலுக்கியது.

பின்னே இருக்காதா? கணவனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். ஒரே மகள் சொந்த ஊரில் இவளுடைய அக்கா வீட்டில் வளர்கிறாள். அந்தக் குழந்தை இப்போதெல்லாம் பெரியம்மாவை ‘அம்மா’ என்றும், பெற்றவளை ‘போன் அம்மா’ என்றும் கூப்பிடுகிறது. அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டுக் கேட்டே இவள் ஓய்ந்துபோயிருந்தாள்.

“எனக்கே தெரியாதேம்மா!” என்றார் மேனேஜர். “இப்பல்லாம் மேலிடத்துல நேரா ஆளுக்கே மெயில் போட்டுடறாங்க. நம்மள யாரு மதிக்கிறா?”

“அக்கா, ட்ரீட் எப்போ?” என்றாள் டைப்பிஸ்ட்.

“இருடி, முதல்ல பாப்பாகிட்ட சொல்லிக்கிறேன்.” அதற்குள் போன் காதுக்குப் போய்விட்டது. “தங்கம், அம்மா வந்துடறேன்டா. இனிமே உன்கூடவேதான்!”

அப்போதுதான் கம்ப்யூட்டர் சார் தன் அறையிலிருந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“மேடம், லிங்கை அமுக்கி பாஸ்வேர்டு போட்டீங்க, இல்ல?”

“ஆமா சார். சம்மதமான்னு கேட்டிருந்துச்சு. உடனே போட்டுட்டேன்.”

“மாட்டிக்கிட்டீங்க! அது நான் அனுப்பின சோதனை மெயில். யார் ஏமாறுறாங்கன்னு பார்க்கத்தான். நிஜத் திருடனா இருந்தா இந்நேரம் நம்ம கிளையையே துடைச்சிருப்பான்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. போனில் குழந்தை மட்டும் “எப்போ வருவே? எப்போ வருவே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மேனேஜருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “வேற ஏதாவது அனுப்பியிருக்கக் கூடாதாப்பா?”

“யாருக்கு எதுல ஆசையோ அதைக் காட்டித்தானே சார் திருடன் வருவான்?”

சரிதான், பேச்சில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பெற்ற வயிறு பற்றி எரிகிறதே, அதற்கு அந்த மகானுபாவனின் கம்ப்யூட்டரில் என்ன மருந்து இருந்தது?

அன்று மாலையே வகுப்பு எடுத்தார். சுவரில் பெரிதாக அதே மெயில், மேலே அவள் பெயரோடு.

“நல்லாப் பாருங்க. அவசரப்படுத்தினா அது பொய். இத்தனை நாளுக்குள்ள பதில் போடு, இல்லன்னா வாய்ப்பு போயிடும்னு மிரட்டினா பொய்யோ பொய். லிங்கைத் தொடாதீங்க. சந்தேகம் வந்தா என்னைக் கேளுங்க.”

கேஷியர் அக்கா முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றோடு விட்டார்களா? தபால் பிரிவுக்காரன் கூண்டைத் தாண்டும்போதெல்லாம் “என்னக்கா, ஆர்டர் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவான். அவளும் சிரித்து வைப்பாள். வேறென்ன செய்ய?

ஆனால் ஆளே மாறிப்போனாள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்தாள். பரிசு விழுந்தது, பார்சல் வந்தது என்று வந்த மெயில்களையெல்லாம் முதல் ஆளாகப் பிடித்துக் கொடுத்தாள். வருஷக் கடைசிக் கூட்டத்தில் ‘விழிப்பான ஊழியர்’ கேடயம் அவளுக்குத்தான் என்று முடிவானது.

கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மேனேஜர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“உங்க ஊர்க் கிளையில காலியா இருந்த இடத்துக்கு ஆள் போட்டுட்டாங்கம்மா. நேத்து வேலைக்கு வந்த பொண்ணு. இனி ரிடயர் ஆகுற வரைக்கும் அவ நகரமாட்டா. வரிசையில நீங்கதான் முன்னால இருந்தீங்க, என்ன ஆச்சுன்னே புரியலை.”

“என் தலையெழுத்து சார்” என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மேடையேறினாள்.

கம்ப்யூட்டர் சாரே கேடயத்தைக் கொடுத்தார். “நம்ம கிளையிலயே முதல்ல ஏமாந்தவங்க, இன்னைக்கு யாராலயும் ஏமாத்த முடியாதவங்க! எப்படி மேடம் கண்டுபிடிக்கிறீங்க? நாலு வார்த்தை சொல்லுங்க.”

அவள் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அன்று முதல்முறையாக முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

“எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் சார். போன மாசம் மறுபடியும் அதே டிரான்ஸ்ஃபர் மெயிலை எனக்கு அனுப்பினீங்களே? மூணு நாளுக்குள்ள சம்மதம் சொல்லணும், இல்லன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்னு அவசரம் வேற. பாப்பா முகம் கண்ணு முன்னால வந்துச்சு சார். உங்ககிட்ட கேக்கலாமான்னுகூட நினைச்சேன். மறுபடி எல்லாரும் சிரிப்பாங்களேன்னு நானே அழிச்சுட்டேன். இந்தத் தடவை நான் ஏமாறலை சார்!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தபால் பிரிவுக்காரன்கூட எழுந்து நின்று தட்டினான். கம்ப்யூட்டர் சார் மட்டும் தட்டவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“மேடம்... நான் ஒரே ஒரு தடவைதான் அனுப்பினேன்.”